வாசகர் கேள்வி – பதில்: முகமூடி ஒன்று, முகங்கள் பல

அமெரிக்கச் சித்திரக்கதை நாயகர்களின் நிறமும் பூர்வீகமும் மாற்றப்படுவதைப் பற்றிக் கடந்த இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதற்கு மட்டக்களப்பின் எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் அம்பாறையின் கரையோர ஊர்களிலிருந்தும் நாம் எதிர்பாராத அளவுக்குக் கடிதங்கள் வந்து சேர்ந்துள்ளன. எல்லாம் ஒரே விடயத்தைத் தொட்டவை என்பதால் இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கல்லடியிலிருந்து ஓர் ஆசிரியர்: ஸ்பைடர்மேன் என்றால் பீட்டர் பார்க்கர்தான். 1962 முதல் உலகம் அறிந்த வெள்ளையினப் பையன் ஒருவனைக் கறுப்பினப் பையனாக மாற்றுவது மூலக் கதைக்குச் செய்யும் துரோகம் ஆகாதா? நமது காப்பியங்களில் இப்படிக் கை வைத்தால் பொறுத்துக்கொள்வோமா?

நடந்ததை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பீட்டர் பார்க்கரை எவரும் கறுப்பராக மாற்றவில்லை. பல பத்தாண்டுகளாகக் குவிந்துபோன கதைச் சுமை இல்லாமல் புதிய வாசகர்கள் உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காக மார்வெல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 'அல்டிமேட்' என்ற தனிக் கதையுலகம் ஒன்றைத் தொடங்கியது. அந்த உலகத்துப் பீட்டர் 2011இல் சண்டையில் இறந்துபோகிறான். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, சாரா பிச்செல்லி வரைய, மைல்ஸ் மொராலெஸ் என்ற பையன் அந்த முகமூடியை அணிந்துகொண்டு வந்தான். தந்தை கறுப்பின அமெரிக்கர். தாய் புவேர்ட்டோ ரிக்கோவைப் பூர்வீகமாகக் கொண்டவர். வழமையான மார்வெல் உலகத்துப் பீட்டருக்கு ஒரு கீறலும் விழவில்லை; அவன் இன்றைக்கும் அங்கே சிலந்தி வலையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறான்.

மைல்ஸின் கதை தொடங்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். நல்ல பாடசாலை ஒன்றில் இடம் கிடைப்பதற்குச் சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறார்கள். கடைசி இடம் மைல்ஸுக்கு விழுகிறது. தாய் மகிழ்ச்சியில் அழுகிறாள். மைல்ஸோ இடம் கிடைக்காமல் போன மற்றப் பிள்ளைகளைப் பார்க்கிறான். பீட்டரின் கதை, தான் தடுத்திருக்கக்கூடிய ஒரு மரணத்தைத் தடுக்காமல் விட்ட குற்றவுணர்வில் பிறந்தது. மைல்ஸின் கதை, பலருக்குக் கிடைக்காத ஒன்று தனக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்ற கூச்சத்தில் பிறக்கிறது. நியூயோர்க்கின் புரூக்ளினில் வளரும் ஒரு கறுப்பினப் பையனுக்கு அந்தக் கூச்சம் மிக இயல்பானது. இது நிறத்தை மாத்திரம் மாற்றிப் பூசிய வேலை அன்று. இந்தப் பையனுக்கென்றே ஒரு பிறப்புக்கதை செய்திருக்கிறார்கள்.

காப்பியத்தில் கை வைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் இருப்பது கல்லடியில். வைகாசி பிறந்தால் நமது கண்ணகி அம்மன் கோயில்களில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரை என்ற காவியத்தைக் கேட்டிருப்பீர்கள். இளங்கோவின் கண்ணகி புகார் நகரத்து மாநாய்கனின் மகள்; அவ்வளவுதான். நம்மவர் பாடும் கண்ணகியோ பாண்டியனின் சோலையில் மாங்கனியாகத் தோன்றி, பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, அதன் பின்னரே மாநாய்கனின் கைக்கு வந்து சேர்கிறாள். நாயகியின் பிறப்பையே மாற்றிவிட்டார்கள். இதனால் கதை கெட்டுப்போயிற்றா? என் வாசிப்பில் அது இன்னும் கூர்மை பெற்றது. சிலப்பதிகாரத்தில் மதுரை அவளுக்கு அந்நிய ஊர். வழக்குரையில் அவள் எரிப்பது தான் பிறந்த ஊரை. பிறப்புக்கதையை மாற்றலாமா என்று கேட்பதை விட, மாற்றியதால் கதைக்குள் எது புதிதாக அசைந்தது என்று கேட்பதே பயனுள்ளது என நினைக்கிறேன்.

எதுவுமே அசையாத மாற்றங்களும் உண்டு. நிக் ஃபியூரி 1963இல் அறிமுகமானபோது இரண்டாம் உலகப் போரில் சண்டையிடும் வெள்ளைக்காரச் சார்ஜன்ட். அல்டிமேட் உலகத்தில் அவரைக் கறுப்பராக்கி, நடிகர் சாமுவேல் எல். ஜாக்சனின் முகத்தையே வரைந்து வைத்தார்கள். 2008இல் வெளிவந்த 'அயன்மேன்' திரைப்படத்தில் ஜாக்சனே அந்தப் பாத்திரமாக வந்து நின்றார். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கதைக்குப் பெரிய ஆழம் கிடைத்துவிட்டது என்றும் நான் சொல்லமாட்டேன்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகி: எனது மகள் மிஸ் மார்வெல் கமலா கானின் தீவிர இரசிகை. தொலைக்காட்சித் தொடரில் கமலாவின் சக்தியும் அது வந்த விதமும் காமிக்ஸில் உள்ளதைப் போல் இல்லை என்று குறைப்படுகிறாள். எதற்காக மாற்றினார்கள்? முஸ்லிம் பிள்ளை ஒருத்தியை நாயகியாக்கியதே விளம்பரத்துக்குத்தான் என்று சிலர் சொல்வதில் உண்மை இருக்கிறதா?

உங்கள் மகள் சொல்வது சரி. 2014இல் கமலாவுக்கென்று தனித் தொடர் தொடங்கியபோது அவள் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிற்றியில் வாழும், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. ஊரைச் சூழ்ந்த ஒரு மர்மப் பனிமூட்டம் அவள் உடலில் உறங்கிக்கிடந்த சக்தியை எழுப்பிவிடுகிறது. உடலை நீட்டவும் பெருப்பிக்கவும் உருமாற்றவும் அவளால் முடியும். 2022இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் பனிமூட்டம் இல்லை. பரம்பரையாக வந்த காப்பு ஒன்றை அணிந்ததும் ஒளியைப் பளிங்கு போல இறுக்கி அதன்மேல் நடக்கும் சக்தி வருகிறது. அந்தக் காப்பின் கதை 1947இல் இந்தியா – பாகிஸ்தான் பிரிவினையின்போது கராச்சிக்குப் புறப்பட்ட இரயில் வரை பின்னோக்கிச் செல்கிறது.

இந்த மாற்றத்தில் இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு. பிரிவினையில் சிதறிய குடும்பத்தின் நினைவைச் சூப்பர் ஹீரோ கதைக்குள் கொண்டுவந்தது பெரிய இலாபம். வீட்டுப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருக்கும் இடப்பெயர்வுக் கதைகள் பேத்தியின் கைக்கு ஒரு நகையோடு வந்து சேர்வதை நமது மாவட்டங்களில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நட்டம் எதுவென்றால், உருமாறும் சக்தியோடு சேர்ந்து ஒரு நல்ல காட்சியும் போய்விட்டது.

காமிக்ஸில் சக்தி வந்தவுடன் கமலா முதலில் என்னவாக மாறுகிறாள் தெரியுமா? தான் வழிபாட்டோடு பார்த்துவந்த கரோல் டான்வர்ஸ் என்ற சூப்பர் ஹீரோவாக, அதாவது பொன்னிறக் கூந்தலும் வெள்ளைத் தோலும் கொண்ட பெண்ணாக மாறிவிடுகிறாள். அவள் ஆசைப்பட்டது அதுதான். கிடைத்ததும் அது பொருந்தவில்லை. கூந்தல் முகத்தில் விழுந்து தொல்லை தருகிறது, உடை கூசுகிறது. அந்த இரவல் உருவத்திலேயே தண்ணீரில் விழுந்த சக மாணவி ஒருத்தியைப் பென்னம்பெரிய கையை நீட்டி அள்ளிக் காப்பாற்றுகிறாள். பின்னர்தான் சொந்த முகத்தோடு வேலை செய்யத் துணிகிறாள். தன் நீச்சலுடையான புர்கினியை எடுத்து வெட்டித் தைத்துச் சீருடையாக்கிக்கொள்கிறாள். சிறுபான்மைப் பிள்ளை ஒருத்தியின் மனதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன சூப்பர் ஹீரோ கதையை நான் வாசித்ததில்லை. உருமாறும் சக்தி வெறும் வித்தையாக இல்லாமல் கதையின் கருவாகவே இருந்தது. அதை எடுத்தபோது இந்தக் காட்சிக்கும் இடமில்லாமற் போயிற்று. உங்கள் மகளின் குறையில் நியாயம் இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

விளம்பரத்துக்குத்தான் என்ற பேச்சைப் பற்றி: காமிக்ஸ் நிறுவனங்கள் வியாபாரம் செய்யாமல் இருந்த காலம் எது? கமலாவை உருவாக்குவதில் முன்னின்ற பதிப்பாசிரியர் சனா அமானத், நியூ ஜெர்சியிலேயே வளர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளியினர். முதல் கதைகளை எழுதிய ஜி. வில்லோ வில்சன் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண். சாப்பாட்டு மேசையில் தகப்பன் பேசும் பேச்சும், பள்ளிவாசலில் பெண்கள் பகுதியிலிருந்து கமலா எழுப்பும் கேள்வியும் உள்ளிருந்து அறிந்தவர்கள் எழுதியவை. விளம்பரத்துக்காக மாத்திரம் எழுதுபவர்கள் அவ்வளவு தூரம் மினக்கெடமாட்டார்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர்: முதல் கறுப்பினச் சூப்பர் ஹீரோ பிளாக் பாந்தர் தானா?

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் வெளியிட்டவற்றில், ஆம். 1966 ஜூலை இதழாக வந்த 'ஃபன்டாஸ்டிக் ஃபோர்' 52இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அவரைக் கொண்டுவந்தார்கள். அதே பெயர் கொண்ட கறுப்பினத்தவரின் அரசியல் கட்சி அவ்வாண்டு ஒக்டோபரில்தான் தொடங்கப்பட்டது. கட்சியைப் பார்த்து நாயகனுக்குப் பெயர் வைத்தார்கள் என்று சிலர் எழுதுவது தவறு. ஆனால் 1947லேயே ஓரின் எவன்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர், முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டு ஒரு சித்திரக்கதை இதழை வெளியிட்டார். 'லயன் மேன்' என்ற நாயகன் அதில் இருந்தான். ஓர் இதழோடு அது நின்றுபோயிற்று.

பிளாக் பாந்தர் ஆபிரிக்க மன்னர். பெரிய நிறுவனங்களின் இதழ்களில் அமெரிக்கக் கறுப்பினத்தவராக வந்த முதல் சூப்பர் ஹீரோ 1969இல் அறிமுகமான ஃபால்கன், அதாவது சாம் வில்சன். இவருடைய கதையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த நல்லவராகவும் கப்டன் அமெரிக்காவின் தோழராகவும் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தவரின் பிறப்புக்கதையை 1975இல் திடீரென்று மாற்றினார்கள். சாம் உண்மையில் 'ஸ்னாப்' என்ற பெயரில் திரிந்த குற்றவாளி என்றும், அவருடைய நல்ல குணமெல்லாம் ரெட் ஸ்கல் என்ற நாஜி வில்லன் மாயக் கனசதுரம் ஒன்றின் சக்தியால் அவருக்குள் புகுத்தியது என்றும் எழுதிவிட்டார்கள். கறுப்பர் ஒருவர் நல்லவராக இருப்பதற்கே ஒரு நாஜியின் மந்திரம் வேண்டியிருந்தது என்று அதற்குப் பொருள். பூர்வீகத்தை மாற்றுவது எப்போதும் முற்போக்கான காரியம் என்று எண்ணுபவர்களும், எப்போதும் அழிவு வேலை என்று எண்ணுபவர்களும் இந்த இதழை ஒருமுறை எடுத்து வாசிக்கலாம்.

அதே மாணவர்: 1938இல் சூப்பர்மேன் வந்துவிட்டார். கறுப்பின நாயகனுக்கு ஏன் 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது?

கறுப்பர்கள் அதற்கு முன்னரும் பக்கங்களில் இருந்தார்கள். தடித்த உதடும் உருண்ட கண்ணும் கோணல் பேச்சுமாகச் சிரிப்பு மூட்டும் எடுபிடிகளாக இருந்தார்கள். கண்ணியமாக வரைந்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன்.

1953இல் ஈ.சி. என்ற சித்திரக்கதை நிறுவனம் 'தீர்ப்பு நாள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு விண்வெளிக் கதையை வெளியிட்டது. எந்திர மனிதர்கள் வாழும் ஒரு கோளுக்கு, அது விண்மீன் ஒன்றியத்தில் சேரத் தகுதியானதா என்று பார்க்கப் பூமியிலிருந்து ஒருவர் வருகிறார். உடல் முழுவதையும் மூடும் விண்வெளி உடையில் இருக்கிறார், முகம் தெரியாது. அங்கே செம்மஞ்சள் நிற எந்திரங்கள் நீல நிற எந்திரங்களைத் தனி வட்டாரத்தில் ஒதுக்கி வைத்திருக்கின்றன. உள்ளே இருக்கும் பாகங்களோ இரண்டுக்கும் ஒன்றே. நீங்கள் இன்னும் தகுதி பெறவில்லை என்று சொல்லிவிட்டு அவர் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் விண்கலத்துக்குள் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர், நெற்றியில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன.

1956இல் இதை மறுபதிப்புச் செய்ய முயன்றபோது, 1954இல் அமைக்கப்பட்ட காமிக்ஸ் தணிக்கைச் சபையின் தலைவர், நீதிபதியாக இருந்த சார்ள்ஸ் மேர்பி, அந்த மனிதர் கறுப்பராக இருக்கக்கூடாது என்றார். அவர் கறுப்பராக இருப்பதே கதை என்பதை எடுத்துச் சொன்ன பிறகு, வியர்வைத் துளிகளையாவது எடுத்துவிடுங்கள் என்றார். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் பத்திரிகைக்காரர்களை அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாக மிரட்டிய பின்னரே கதை மாற்றமின்றி அச்சேறியது. அந்த நிறுவனம் வெளியிட்ட கடைசிச் சித்திரக்கதை இதழும் அதுதான். வியர்வைத் துளிகளுக்கே இத்தனை தடை இருந்த நாட்டில் நாயகன் வரப் பத்தாண்டு பிந்தியதில் வியப்பில்லை.

கல்முனையிலிருந்து ஒரு வாசகர்: வெள்ளையரைக் கறுப்பராக்கினால் கைதட்டுகிறார்கள். 'டொக்டர் ஸ்ட்ரேஞ்ச்' திரைப்படத்தில் திபெத்தியக் குருவை வெள்ளைக்காரப் பெண்ணாக்கியபோது கண்டித்தார்கள். இது இரட்டை நியாயம் இல்லையா?

இரு பக்கமும் சம எடையோடு இருக்கும் தராசில் மாத்திரமே அது இரட்டை நியாயம். அமெரிக்கத் திரையில் வெள்ளையருக்கு ஆயிரம் வேடங்கள் காத்திருக்கின்றன. திபெத்தியர் ஒருவருக்கு இருந்தது இந்த ஒரு வேடம்.

ஆனாலும் 2016இல் அந்தப் படத்தை எடுத்தவர்களின் சிக்கல் பொய்யானதன்று. 1963இல் படைக்கப்பட்ட அந்தக் குரு, வெள்ளைக்காரச் சீடனுக்கு வித்தை கற்றுக்கொடுப்பதற்கென்றே மலையுச்சியில் காத்திருக்கும் தாடிக் கிழவர். அப்படியே எடுத்தாலும் பழி, மாற்றினாலும் பழி. அவர்கள் தேர்ந்தெடுத்த வழியோ வார்ப்பை உடைப்பதற்குப் பதிலாக ஆளையே அப்புறப்படுத்தியது.

அதே நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நல்ல வழி ஒன்றைக் கண்டது. 1973இல் அறிமுகமான ஷாங்-சி என்ற சீன நாயகனின் தகப்பன், ஆங்கிலேய எழுத்தாளர் ஒருவர் சீனர்கள் மீதிருந்த அச்சத்தில் படைத்த ஃபூ மன்சூ என்ற வில்லன். மஞ்சள் மை கொட்டி அவர்களை வரைந்த காலம் அது. 2021இல் வந்த திரைப்படம் அந்தத் தகப்பனைத் தூக்கிவிட்டு வென்வூ என்ற புதிய தகப்பனை வைத்தது. மனைவியை இழந்த துக்கத்தில் பிழையான பாதையில் போகும், ஆயிரம் வருடம் வாழ்ந்த மனிதர். வில்லனாக இருந்தும் அவர்மேல் நமக்கு இரக்கம் வருகிறது. பூர்வீகம் சீனமாகவே இருந்தது, பிறப்புக்கதையிலிருந்த நஞ்சு மாத்திரம் இறக்கப்பட்டது.

வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகர்: அயன்மேன் கவசம் செய்தது வியட்நாமிலா, ஆப்கானிஸ்தானிலா?

இரண்டிலும். 1963இல் எழுதியபோது வியட்நாம், திரைப்படத்தில் ஆப்கானிஸ்தான். நாயகனுக்கு வயது போகாமல் இருக்க வேண்டுமென்றால் அவன் காயப்பட்ட போரும் அவனோடு சேர்ந்து முன்னுக்கு நகர வேண்டும். இந்தத் தலையிடியைத் தீர்ப்பதற்காக 2019இல் மார்வெல், சியான்கொங் என்ற கற்பனை நாடு ஒன்றைப் படைத்து, தன் நாயகர்கள் சிலரின் வியட்நாம் அனுபவத்தையெல்லாம் அதற்கு மாற்றிவிட்டது.

நிறமாற்றத்துக்கு ஊரைக் கூட்டிச் சண்டை பிடித்தவர்கள் இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. போர் நடந்த மண்ணில் இருந்து வாசிக்கும் எனக்கு இது உறுத்துகிறது. அயன்மேனாகிய ரோனி ஸ்டார்க்கின் குடும்பம், குணம், குடிப்பழக்கம் எதையும் தொட இரசிகர்கள் விடமாட்டார்கள். குண்டு வெடித்து அவன் காயப்பட்ட நாடு மட்டும் எதுவாகவும் இருக்கலாம். இரண்டு கதையிலும் அந்த நாட்டுப் பக்கத்தில் பெயர் சொல்லி நினைவில் நிற்பவர் ஒருவரே, யின்சென் என்ற விஞ்ஞானி. கைதியாக இருந்துகொண்டே கவசம் செய்ய உதவுகிறார், நாயகன் தப்புவதற்காக இரண்டு முறையும் இறந்துபோகிறார். பிறப்புக்கதையைத் திருத்தி எழுதுவதென்றால் நான் இங்கேதான் தொடங்குவேன்.

செங்கலடியிலிருந்து ஒரு மூத்த வாசகர்: நாங்கள் சிறு வயதில் மாண்ட்ரேக், லொதார் கதைகளைப் பைத்தியமாகப் படித்தோம். அந்த லொதாரும் இப்படி மாற்றப்பட்டவரா?

மிக நல்ல கேள்வி. லீ ஃபோக் 1934இல் மாண்ட்ரேக் என்ற மந்திரவாதியின் சித்திரக்கதையைத் தொடங்கியபோது லொதார் ஓர் ஆபிரிக்க இளவரசன் என்று சொல்லப்பட்டாலும், சிறுத்தைத்தோலும் குஞ்சத் தொப்பியும் அணிந்து, அரைகுறை ஆங்கிலம் பேசி, எசமானுக்குப் பின்னால் நிற்கும் பலசாலியாகவே வரையப்பட்டார். 1965இல் ஃபிரெட் ஃபிரெடெரிக்ஸ் ஓவியராக வந்த பின்னர் லொதாருக்கு ஒழுங்கான பேச்சும் காலத்துக்கேற்ற உடையும் கிடைத்தன, எடுபிடி நண்பரானார். பெயரும் பூர்வீகமும் அப்படியே இருந்தன. தமிழில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், அதுவும் மொழிபெயர்ப்பாளரின் நல்ல தமிழில் படித்த உங்களுக்கு அவருடைய பழைய கோணல் பேச்சு தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

திருக்கோவிலிலிருந்து ஓர் இளம் ஓவியர்: மட்டக்களப்பு வாவியில் சக்தி பெறும் ஒரு நாயகனை வரைந்துகொண்டிருக்கிறேன். நண்பர்கள் அவனைத் தமிழனாக்கு, முஸ்லிமாக்கு, இனம் சொல்லாமல் விடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தங்கள் ஆலோசனை?

இனம் சொல்லாமல் விட்டால் எல்லோருக்கும் பொதுவாகிவிடுவான் என்று நம்ப வேண்டாம், தம்பி. பெயர் வைத்த கணமே, தாய் அவனைச் சாப்பிடக் கூப்பிடும் முதல் வசனத்திலேயே, இங்குள்ள வாசகருக்கு எல்லாம் விளங்கிவிடும். நீங்கள் எந்த வீட்டுக் குசினியை நன்றாக அறிவீர்களோ அந்த வீட்டில் அவனைப் பிறக்க வையுங்கள். அடுத்ததாக, அவனுக்கு ஏன் வாவியில் சக்தி கிடைக்கிறது, அந்த நேரத்தில் அவன் அங்கே என்ன வேலையாக நின்றான் என்பதை முடிவு செய்யுங்கள். வலை வீசப் போனவனா, பாலத்தில் நின்று மீன் பாடுவதைக் கேட்க வந்த வெளியூர்க்காரனா, சோதனையில் சித்தியடையாமல் வீட்டுக்குப் போகப் பயந்து கரையில் இருந்தவனா? இந்த மூவரும் ஒரே நாயகனாக முடியாது. அவன் பக்கத்து ஊர் ஆட்களையும், அவர்கள் எந்த இனத்தவராக இருந்தாலும், யின்சென்னைப் போல் உதவிவிட்டுச் சாகும் ஆட்களாக எழுதிவிடாதீர்கள்.

முதல் நான்கு பக்கங்கள் முடிந்ததும் எமக்கு அனுப்பி வையுங்கள். எமது அச்சு கறுப்பு வெள்ளையில்தான்; ஆகவே தோலின் நிறத்தைச் சாம்பல் பூச்சால் காட்டாமல், முகத்தைக் கோட்டிலேயே தெளிவாக வரைந்து அனுப்பினால் அடுத்த இதழில் இடம் தருகிறோம்.